பொறுத்தன் என்கிற சொல்

செபஸ்தியாம்பிள்ளைக்கு ஊரில் ஒருவரையும் பிடிக்காது. ஊருக்கும் அவரைப் பிடித்ததென்று சொல்ல முடியாது. அப்படியிருந்தும் இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படுகிற பன்னிரண்டு பேரில் முதலாவது கதிரை அவருக்கென்று கோயிலில் முடிவாயிற்று.

முதலாவது கதிரை சீடரில் தலைவரான இராயப்பருடையது. யேசு தம் சீடரின் காலைக் கழுவியதை நினைத்து, அன்று பின்னேரப் பூசையில் சுவாமியார் பன்னிரண்டு ஆம்பிளைகளைப் பீடத்துக்கு முன்னால் இருத்திக் கால் கழுவித் துடைப்பார். இராயப்பர் மீன் பிடித்த மனிதன். ஆனால் நாற்பது வருடமாக அந்தக் கதிரையில் இருந்தவர்கள் வாத்திமார், கந்தோரில் எழுதுகிறவர்கள், ஒரு வருடம், கடலில் கணுக்கால்கூட நனைக்காத ஒரு தபால்காரர். செபஸ்தியாம்பிள்ளை ஒவ்வொரு வருடமும் பின்னுக்கு நின்று பார்த்துவிட்டு வெளியே வந்து துப்புவார்.

"வலையை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறதெண்டு தெரியாதவன் எல்லாம் இராயப்பர்" என்பார்.

இப்போது கிடைத்துவிட்டது. மனைவி றஞ்சிதம் வேட்டிக்கு நீலம் போட்டுக் கொடியில் காயவிட்டிருந்தாள். கிழவர் முற்றத்தில் நடக்கும்போது அந்த வேட்டியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அந்தக் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு ஞாயிற்றுக்கு முன்னரே கோயில் மூப்பர் பன்னிரண்டு பெயரையும் வாசிப்பார். அவர்களோடு யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் எழும்பிச் சொல்லவேண்டும். பிறகு பிழை விட்டவர் மற்றவரின் வீட்டு வாசல் படலைக்குப் போய் நிற்கவேண்டும். "ஏதும் பிழை விட்டிருந்தால்" என்று பொதுவாகச் சொன்னால் செல்லாது. இன்ன பிழை, நான்தான் விட்டேன் என்று பெயர் சொல்லி, "பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று கேட்கவேண்டும். மற்றவர் "பொறுத்தன்" என்று சொல்லி ஒரு செம்புத் தண்ணி குடிக்கக் கொடுப்பார். அதோடு முடிந்தது. பிறகு அந்தக் கதையை ஊரில் யாரும் எடுக்கக்கூடாது.

அந்த ஞாயிறு பெனடிக்ற் மூப்பர் முதலாவதாக அவருடைய பெயரைத்தான் வாசித்தார்.

"செபஸ்தியாம்பிள்ளை. இவரோடை ஆருக்கும் ஏதும் இருந்தால் சொல்லுங்கோ. வாய் திறந்தால் ஆரோடையாவது கொழுவுற மனிசன். எண்டாலும் கேக்கிறது என்ரை கடமை."

சனம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழும்பினாள். அகஸ்ரினா.

செபஸ்தியாம்பிள்ளை பார்வையை நிலத்துக்கு இறக்கினார்.

அகஸ்ரினா அந்த ஊர்ப் பிள்ளை. அடம்பனில் கலியாணம் செய்து போனவள். தொண்ணூறாம் ஆண்டு கைப்பிள்ளையோடு இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு, சண்டை முடிந்தபிறகு திரும்பி வந்து கோயில் காணியில் ஒரு தகரக் கொட்டிலில் இருக்கிறாள். புருசனின் காணியில் கண்ணிவெடி எடுத்து முடியவில்லையாம். வந்து ஒன்பது மாதம். குழாயடியில் அவரைக் கண்டால் குனிந்துகொண்டு போவாள். அது வெறுப்பு என்றுதான் அவர் நினைத்திருந்தார். திரும்பி வந்தவர்களை அவர் பொதுவாகவே மதிப்பதில்லை. ஓடினவர்கள், தகரத்துக்கும் சீமெந்துக்கும் வரிசையில் நிற்பவர்கள் என்பார். இவளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

"அவரின்ரை படலைக்குப் போகவேணும்" என்றாள் அகஸ்ரினா.

மூப்பர் கண்ணாடியை இறக்கினார். "நீ போறதோ பிள்ளை, அவர் வாறதோ?"

"நான்தான் போறன்."

படலைக்குப் போகிறவர்தானே பிழைகாரர். செபஸ்தியாம்பிள்ளை மூச்சு விட்டார். விட்ட மூச்சுப் பாதியில் நின்றது. அவளுக்கு அவரிடம் கேட்க என்ன பிழை இருக்கிறது?

அந்தக் கிழமை முழுவதும் அவர் வலை தைக்க உட்கார்ந்து ஒரு கண்ணும் தைக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி. அவருடைய வள்ளம் தனுஷ்கோடிக்குச் சனம் ஏற்றியது. அன்று பதினைந்து பேர். பதினாலு பேர் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே சுருண்டு கிடந்தார்கள். அகஸ்ரினாவின் புருசன் அருள்நேசன் மட்டும் நிமிர்ந்து இருந்தான். வயல்காரன். கடலில் ஏறுவது அதுதான் முதல்தரம். ஏறியதிலிருந்து வாய் ஓயவில்லை.

"அண்ணை, வெள்ளி அங்காலை நிக்குது, நீங்கள் இஞ்சாலை போறியள்."

"அண்ணை, சுத்துறியள் போலை கிடக்கு."

விடியப்போகிற நேரம் சொன்னான்: "இந்த வள்ளத்தை என்ரை வண்டில் மாட்டிட்டைக் குடுத்திருந்தால், இதுக்குள்ளை அடம்பனுக்கும் பாப்பாமோட்டைக்கும் ரண்டுதரம் போய் வந்திருக்கும்."

படங்குக்குக் கீழே யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர். உயிருக்குப் பயந்து ஓடுகிற சனம், அந்த நேரத்திலும் அவரைப் பார்த்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்புத்தான் காரணம். வேறு எந்த மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தக் கடலில் வரிசையாக மணல்திட்டுகள் கிடக்கின்றன. தனுஷ்கோடிக் கரைக்கு இன்னும் தூரம் இருந்தது. செபஸ்தியாம்பிள்ளை வள்ளத்தை ஒரு திட்டுக்குத் திருப்பினார். "இதுதான் இந்தியா. இறங்கு. நடந்தால் றோட்டு வரும்" என்றார். நம்பி இறங்கினான். அகஸ்ரினாதான் நம்பவில்லை.

"ஏன் அண்ணை எங்களை மட்டும் இறக்கிறியள்?"

அவளுடைய கையில் ஏழு மாதப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது அவள் கையிலேயே கிடந்து கத்தியது.

"உன்ரை பிள்ளை கத்துறது நேவிக்குக் கேக்குது. அங்கை பார், லைற் வருது. உன்ரை ஒரு பிள்ளைக்காக மற்றச் சனம் சாகேலாது. இறங்கு!"

லைற் ஒன்றும் வரவில்லை.

மற்றவர்களைத் தனுஷ்கோடியில் இறக்கிவிட்டு திரும்பும்போது அந்தத் திட்டின் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வந்தார். மூன்று நாள் கழித்துச் செய்தி வந்தது. திட்டில் குடிக்கத் தண்ணி இல்லை. பிள்ளைக்குத் தண்ணி தேடி அருள்நேசன் கடல் வற்றியிருந்த நேரத்தில் அடுத்த திட்டுக்கு நடந்து போயிருக்கிறான். கடல்வெள்ளம் திரும்ப ஏறுவது வயல்காரனுக்கு எப்படித் தெரியும்? ஆள் வரவில்லை. தாயையும் பிள்ளையையும் அங்காலைக் கரை மீன்பிடிகாரர் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த தபசுகாலத்தில் செபஸ்தியாம்பிள்ளை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். "கோபப்பட்டேன் சுவாமி" என்றார். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார்கள். சொன்னார். அதற்குப் பிறகு ஊரில் யாராவது கேட்டால், "நடந்துபோச்சு" என்பார். அந்தக் காலத்தில் எல்லாருடைய வாயிலும் இருந்த சொல் அது. அதைச் சொன்னால் செய்தவன் யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அகஸ்ரினா படலைக்கு வந்தாள். தனியாக வரவில்லை. மகளையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். ஜெனிஸ்ரா. இருபத்தொரு வயது. நெடுவல். தகப்பனின் தாடை. கையைக் கட்டிக்கொண்டு முருங்கை மரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"உள்ளை வாங்கோவன்" என்றாள் றஞ்சிதம்.

"இல்லை அக்கா, படலையிலைதான் நிக்கவேணும்." அகஸ்ரினா மகளின் தோளில் இடித்தாள். "சொல்லடி."

"என்னத்தச் சொல்ல?" முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தியப் பேச்சு.

"சொல்லித்தந்ததைச் சொல்லு."

ஜெனிஸ்ரா கிழவரை நேராகப் பார்த்தாள். "தாத்தா, நான் ஏழு மாசக் குழந்தையா இருந்தப்ப உங்க படகுல அழுதேனாம். அது தப்பாம். அதனாலதான் எங்கப்பா செத்தாராம். மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிருங்க இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கோ எண்டு கேள். இஞ்சை அப்பிடித்தான்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

"கேளடி!"

"பொறுத்துக்கோங்க தாத்தா."

அகஸ்ரினாவின் கண் கலங்கியது. "அண்ணை, இவளை நான் அடக்கியிருக்கவேணும். வாயைப் பொத்தியிருக்கவேணும். இவள் கத்தினதாலை நீங்களும் மற்றச் சனமும் சாகப்பாத்தனீங்கள். உங்களுக்கு நாங்கள் செய்த பிழை அது. இருபது வருசமா இவளின்ரை முகத்தைப் பாக்கிற நேரமெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்கும். அந்த மனத்தாங்கலோடை நீங்கள் அந்தக் கதிரையிலை இருக்கப்படாது அண்ணை. பொறுத்தன் எண்டு சொல்லுங்கோ."

செபஸ்தியாம்பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. வாய்க்கு வந்த பொய் ஒன்றை அவர் கடலில் போட்டுவிட்டு வந்தார். அதை இந்தத் தாய் எடுத்துத் தன் பிள்ளையின் தலையில் கட்டி இருபது வருடம் வளர்த்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்ல இதுதான் நேரம் என்று அவருக்குத் தெரிந்தது. பின்னால் கொடியில் வேட்டி காற்றுக்குப் படபடத்தது.

"பொறுத்தன்" என்றார்.

றஞ்சிதம் செம்பைக் கொடுத்தாள். அகஸ்ரினா குடித்தாள். ஜெனிஸ்ரா ஒரு மிடறு வாயில் எடுத்து, படலைக்கு வெளியே போய்த் துப்பினாள்.

அவர்கள் போனபிறகு றஞ்சிதம் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"இஞ்சாருங்கோ. கைப்பிள்ளை அழுததுக்கோ நீங்கள் பொறுத்தனீங்கள்?"

"அவள் கேட்டாள், நான் சொன்னன்."

"அண்டைக்கு நேவி லைற் வந்ததெண்டு சொன்னனீங்களே, மெய்யாத் தெரிஞ்சதோ?"

"எனக்கென்ன கோட்டு வழக்கோ வைக்கிறாய்? போய் உன்ரை அலுவலைப் பார்!"

"அப்ப தெரியேல்லை" என்றாள் றஞ்சிதம். அன்றும் மறுநாளும் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேட்டியை மடிக்கவுமில்லை. அவரே மடித்தார். கோணல்மாணலாக வந்தது.

பெரிய வியாழன் கோயில் நிறைந்திருந்தது. பன்னிரண்டு கதிரை. முதலாவதில் செபஸ்தியாம்பிள்ளை வலது கால் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் வரிசையில் அகஸ்ரினா. பக்கத்தில் மகள். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிற இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசகமும் காதில் விழவில்லை, பிரசங்கமும் விழவில்லை.

மில்ரன் சுவாமி இளம் குரு. ஊருக்கு வந்து ஆறு மாதம். இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு முழங்காலில் இருந்து, செபஸ்தியாம்பிள்ளையின் காலைப் பிடித்துத் தண்ணியை ஊற்றினார். தண்ணி குளிர்ந்தது. நல்ல தண்ணி. திட்டில் அந்தப் பிள்ளைக்கு இல்லாத தண்ணி.

கிழவர் காலை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் சுவாமி. கழுவாதையுங்கோ."

கோயில் முழுக்க ஒரு முணுமுணுப்பு. சுவாமியார் நிமிர்ந்து சிரித்தார். வேதத்தில் இராயப்பரும் முதலில் அப்படித்தான் காலைக் கழுவ விடமாட்டேன் என்று மறுத்தவர். கிழவர் அச்சொட்டாகச் செய்கிறார் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். பின்வரிசையில் யாரோ, "மனிசன் நல்லாப் பாடமாக்கியிருக்கு" என்றான். சுவாமியாரும் விடாமல், வேதத்தில் வருகிற மறுமொழியைச் சொல்லத் தொடங்கினார்.

"நான் நடிக்கேல்லை!" செபஸ்தியாம்பிள்ளை கத்தினார். "நிப்பாட்டும் சுவாமி!"

சிரிப்பு நின்றது. அவர் எழும்பினார். ஒரு கால் ஈரம், மற்றக் காலில் செருப்பு.

"அகஸ்ரினா. உன்ரை பிள்ளை அழுதது நேவிக்குக் கேக்கேல்லை. லைற் ஒண்டும் வரேல்லை. உன்ரை மனிசன் என்னை வண்டில் மாட்டோடை ஒப்பிட்டுப் பகிடி விட்டவன். சனம் சிரிச்சது. அந்தக் கோபத்திலை நான் உங்களைத் திட்டிலை இறக்கினனான். இந்தியா இல்லை எண்டு தெரிஞ்சுதான் இறக்கினனான். பிள்ளையைச் சாட்டினது பொய். செவ்வாய்க்கிழமை பொறுத்தன் எண்டு சொன்னதும் பொய்."

சுவாமியார் அவருடைய கையைப் பிடித்தார். "அப்பு, இரும். இதைப் பிறகு பாவசங்கீர்த்தனத்திலை சொல்லலாம். இஞ்சை வேண்டாம்."

"அங்கை சொல்லித்தான் இவ்வளவு காலமும் ஒளிச்சனான் சுவாமி. கோபப்பட்டேன் எண்டு சொன்னனான். ஆரோடை, என்ன செய்தாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

அகஸ்ரினா எழும்பி நடந்து வந்தாள். பழக்கப்படி அவள் சொல்லவேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. சனம் முழுவதும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றது. பெரிய வியாழன், பீடத்துக்கு முன்னால், வேறென்ன சொல்லப் போகிறாள்?

கிட்ட வந்து அவருடைய முகத்தில் துப்பினாள்.

"எட நாயே" என்றாள். இருபது வருடமாக அண்ணை என்று நினைத்துக்கொண்டிருந்தவள். "ஒரு சொல்லுக்காகவோடா? ஒரு மாட்டுக் கதைக்காகவோ?"

பிறகு வாசலைப் பார்த்து நடந்தாள். மகளைக் கூப்பிடவுமில்லை, மகள் இருந்த பக்கம் திரும்பவுமில்லை. ஜெனிஸ்ரா இருந்த இடத்தில் அப்படியே இருந்தாள்.

செபஸ்தியாம்பிள்ளை முகத்தைத் துடைக்கவில்லை. கழற்றிய செருப்பைத் தேடிக் கையில் எடுத்தார். மூப்பரைப் பார்த்து, "கதிரைக்கு வேறை ஆளைப் பார்" என்று சொல்லிவிட்டுப் பக்கக் கதவால் வெளியேறினார். ஈரக் காலில் மணல் ஒட்டியது.

பெரிய வெள்ளி காலமை அவர் கோயில் காணிக்குப் போனார். ஊர் அதற்குள் இரண்டாகப் பிரிந்து கதைத்துக்கொண்டிருந்தது. துணிவாகச் சொன்னான் என்றும், கிழட்டுக் கொலைகாரன் என்றும். குழாயடியில் நின்ற பெண்கள் அவரைக் கண்டதும் குடங்களை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. தகரக் கொட்டிலுக்குப் படலை என்று ஒன்றுமில்லை. இரண்டு தடியும் ஒரு கயிறும்தான். அதற்கு முன்னால் நின்றார்.

"அகஸ்ரினா. நான் செபஸ்தியாம்பிள்ளை. கோபத்திலை உன்ரை மனிசனைத் திட்டிலை இறக்கிச் சாகவிட்டது நான். பிள்ளையிலை பழி போட்டது நான். பொறுத்துக்கொள்."

வெயில் ஏறியது. நெடுநேரம் கழித்து உள்ளே இருந்து அகஸ்ரினாவின் குரல் வந்தது. அவருக்குச் சொன்ன மறுமொழி அது இல்லை.

"பிள்ளை… நீ அழுததாலை அப்பா செத்ததெண்டு உன்னை வளத்தது நான். ஒரு நாளும் உன்னை மடியிலை வைச்சுக் கொஞ்சாதது நான்." அவளும் பிழையைப் பெயர் சொல்லித்தான் கேட்டாள். கடைசிச் சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

செபஸ்தியாம்பிள்ளை நாலடி பின்னால் தள்ளி நின்றார். அந்தக் கதை அவர் கேட்கிற கதை அல்ல.

கொஞ்சம் பொறுத்து ஜெனிஸ்ரா வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் செம்பு இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அம்மா வரமாட்டாங்க. உங்க முகத்துல முழிக்க முடியாதாம்."

"ஓம்."

"எங்கிட்டயும் கேட்டிருக்கணும்ல நீங்க? அம்மா பேரைத்தான் சொன்னீங்க."

கிழவர் தலையைக் குனிந்தார். அதுவும் சரிதான். "பிள்ளை, உன்னிலை பழி போட்டது நான். பொறுத்துக்கொள்."

"பொறுத்தேன்" என்றாள் ஜெனிஸ்ரா.

அவர் நிமிர்ந்தார்.

"இருபது வருஷமா பொறுத்தேன் தாத்தா. வீட்ல ஒரு டம்ளர் உடைஞ்சாக்கூட என்னாலதான்னு பொறுத்தேன். எங்கூர்ல பொறுக்கறதுன்னா சுமக்கறது. இனிமே நீங்க பொறுங்க."

உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் றஞ்சிதம் பெரிய வெள்ளிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டு, மூன்று நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"பொறுத்தவையோ?"

"பெட்டை பொறுத்தவளாம்."

"தண்ணி தந்தவளோ?"

"இல்லை."

"அப்ப பொறுக்கேல்லை."

"இல்லை. பொறுத்தவள்தான்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. அடுக்களை வாசலில் இருந்துகொண்டு காலைப் பார்த்தார். "இனி நான்தான் பொறுக்கவேணுமாம்."

றஞ்சிதம் ஒரு சிரட்டையில் கஞ்சியை ஊற்றி அவருக்கு முன்னால் வைத்தாள். வைத்த வைப்பில் பாதி சிந்தியது. அவர் மிச்சத்தைக் குடித்தார்.